சலீம் பாயும் அந்த ராக் பேண்ட் கேசட்டும்

பெரிய பேரன் ஷிப்பிங் கோர்ஸ் முடிச்சு தீவை விட்டு மெயின்லேண்ட்ல வேலைக்குச் சேர்ந்துட்டான். பேத்தி நர்சிங்ல காலேஜ் ஃபர்ஸ்ட். கடைக்குட்டி ஸ்கூல் நீச்சல் போட்டியில கப்பு வாங்கியிருக்கா.

இதையெல்லாம் போட்டோவோட நம்ம ஊர் குரூப்ல போடலாம்னு காலைல போனை எடுத்தேன்... சலீம் பாய் மௌத் ஆயிட்டார்னு அவர் மகன் போட்டிருந்தார்.

பஜார்ல வீடியோ கடை வச்சிருந்த பாய். கடைசி வருஷங்கள்ல அதே கடையில மொபைல் ரீசார்ஜ். மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கமும் ஆயிடுச்சு.

அப்போ இந்தத் தீவுல, புரோத்ராபூர்ல எங்க லைன் வீடுகள்ல யார்கிட்டயும் கேசட் போடுற டெக் கிடையாது. பாய்தான் டிவியையும் டெக்கையும் ஜீப்ல கொண்டாந்து மாட்டிட்டுப் போவார், ஒரு நாள் வாடகைக்கு.

படக் கேசட் எல்லாம் சென்னைக் கப்பல்ல வரணும். மழையில கப்பல் வரலைன்னா அவர் கையில மிஞ்சுறது ஒரே கேசட்தான். யாரோ வெள்ளைக்காரங்க விட்டுட்டுப் போனது. பழைய ராக் பேண்ட் ஒண்ணோட கச்சேரி. அட்டையில இங்கிலீஷ்... எனக்கு வாசிக்கத் தெரியாது.

நாலு ஆம்பளைங்க, தோளுக்குக் கீழ முடி. ட்ரம்ஸ் அடிக்கிறவனுக்குச் சட்டையே கிடையாது. பக்கத்து வீட்டு பெங்காலி தீதி வந்து உட்கார்ந்து, "இத்னா பசீனா... கோயி பானி தோ பிலாவ்"னு சொன்னாங்க. இப்படி வேர்க்குதே, யாராவது தண்ணி குடுக்கக் கூடாதான்னு அவங்களுக்குக் கவலை.

என் மகன் குமார் மட்டும் கண்ணை எடுக்க மாட்டான். சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டிருந்தான், பத்தொம்பது வயசு. முழங்கால்ல தட்டிக்கிட்டே பார்ப்பான்.

"என்னடா இது கத்தல்"னு அவங்கப்பா கேட்டார்.

"நீங்க தூங்குறப்ப விடுற சத்தத்துக்கு இது தேவலப்பா."

அவருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

என் மக கல்யாணத்துக்கு வீடியோ எடுத்ததும் பாய்தான். அன்னிக்கும் கப்பல் லேட், புதுக் கேசட் வரல. அந்தக் கச்சேரிக் கேசட் மூலையில, திரும்பப் பதிவாகுற மாதிரி செல்லோடேப்பை ஒட்டி, பாட்டு முடியுற இடத்துல இருந்து கல்யாணத்தைப் பதிவு பண்ணி எங்ககிட்டயே குடுத்துட்டார். இங்க அப்போ நிறையப் பேர் வீட்டுல அப்படித்தான்.

அதனால கல்யாணம் பார்க்கணும்னா முதல்ல அந்த நாலு பேர் வருவாங்க. "ஓட்டி விடுடா"ன்னா குமார் கேட்க மாட்டான். "இது முடியட்டும்மா, பொண்ணு எங்கயும் ஓடிடாது"ம்பான்.

கல்யாண வீடியோவுல குமார் பந்தி பரிமாறுவான். சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டு கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிப்பான்.

சுனாமி அன்னிக்கு அவன் கார் நிக்கோபார் தீவுல வேலையில இருந்தான். உடம்பு கூடக் கிடைக்கல.

அதுக்கப்புறம் அந்தக் கேசட்டைத் தொடத் தெம்பில்ல. கடைசியாப் பார்த்து முடிச்ச இடத்துலயே நிறுத்தினபடி, டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில கிடந்தது. மூணு வருஷம்.

எடுத்துப் பார்த்தா... ரீல் மேலெல்லாம் வெள்ளையா பூஞ்சை.

பாய்கிட்ட ஓடினேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் வச்சு ரெண்டு வாரம் துடைச்சார். அப்புறம் கடைக்கு வரச் சொல்லி, டெக்ல போட்டுக் காட்டினார்.

பேண்ட் வந்துச்சு. பாட்டு எல்லாம் வந்துச்சு, வேர்வை கூடத் தெரிஞ்சுது. கல்யாணம் வர வேண்டிய இடத்துல வெறும் கோடு. புள்ளி புள்ளியா கோடு. கேசட் தீர்ற வரைக்கும் நின்னு பார்த்தேன்.

கடையில ஆள் நிறைய இருந்தாங்க. அதைக்கூட நான் பார்க்கல.

"எவனோ பாட்டு நல்லா இருக்கு, என் பிள்ளை மட்டும் இல்லையா? தொழில் தெரியாதவன் கையில குடுத்தேன் பாரு. நீதான்யா அழிச்ச."

இன்னும் சொன்னேன். அதெல்லாம் இங்க எழுதுற பேச்சில்ல.

பாய் "மன்னிச்சிடுங்கக்கா"ன்னார், அவ்வளவுதான். கேசட்டை அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன். அதோட பேச்சு நின்னுது.

போன வருஷம் ஆஸ்பத்திரி லைன்ல பார்த்தேன். ரொம்ப மெலிஞ்சிருந்தார். கையைத் தூக்கினார்... நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனேன். பொம்பளைங்க எல்லாம் உள்ரூம்ல இருந்தாங்க. அவர் வீட்டம்மா ஜைனப் என்னைப் பார்த்துட்டு நகர்ந்து இடம் விட்டாங்க. அப்புறம் பேசினாங்க.

"ஒண்ணு சொல்லணும்க்கா. இத்தனை வருஷமா சொல்லக்கூடாதுன்னு என் வாயைக் கட்டி வச்சிருந்தார். இப்ப அவர் இல்ல."

"சொல்லுங்க"ன்னேன்.

"பார்த்து முடிச்சதும் ரிவைண்ட் பண்ணி வைங்க, மாசம் ஒருக்கா ஓட்டுங்கன்னு கேசட் தந்தன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருந்தார். நீங்க முடிஞ்ச இடத்துலயே விட்டு வச்சீங்க. பாட்டு எல்லாம் உள்ளே சுத்தி இருந்துச்சு, கல்யாணம் வெளிப்பக்கம் இருந்துச்சு. வெளிப்பக்கத்தைத்தான் பூஞ்சை தின்னுது. திறந்து பார்த்தன்னிக்கே அவருக்குத் தெரியும்."

ஜைனப் மேல சொன்னாங்க.

"அப்ப ஏன் ஏச்சு வாங்கிட்டு வந்தீங்கன்னு அவர்கிட்ட சண்டை போட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவங்க, இதையும் நாமதான் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்கன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனா கடைத்தெருவுல எங்களுக்குப் பட்டப் பேர் ஆயிடுச்சு, கேசட்டை அழிச்ச பாய்னு. நீங்க ஒரு நாளாவது வந்திருக்கலாம்க்கா."

ஆமா. வந்திருக்கலாம்.

டீ குடுத்தாங்க. குடிச்சேன். அந்தம்மா கையைப் பிடிக்கலாம்னு பார்த்தேன், அவங்க எடுத்துக்கிட்டாங்க. மினி பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்தப் பட்டப் பேர் சொன்னவங்களுக்கு எல்லாம் சேர்த்துச் சொல்றேன். கேசட்டை அழிச்சது சலீம் பாய் இல்ல. நான்தான்.

நல்லபடியா உறங்குங்க பாய்.

அவர் மகனுக்கு ஒரு வார்த்தை... தம்பி, நீங்க போட்டிருக்கிற போட்டோவுல மூக்குல டியூபோட படுத்திருக்கார். அதை எடுத்துட்டு, முகம் நல்லாத் தெரியுற மாதிரி வேற ஒண்ணு போடுங்க.