பாங்குக்குக் காத்திருந்த வெள்ளைத் துண்டு

பாயில் வாப்பா இருந்தார். உம்மா இருந்தார். வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, இருந்தார். நான் இருந்தேன், எட்டு வயது. தம்பி இருந்தான், மூன்று வயது.

மருதமுனையில் எங்களுக்கு இரண்டு தறி. நூலுக்குச் சாயம் போடுவதும் வீட்டில்தான். அதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். வெள்ளையாக, உடைத்த கற்கண்டு மாதிரி இருக்கும். கையில் பட்டால் தோல் போய்விடும். பட்டதும் தேசிக்காய், எலுமிச்சைதான், பிழிந்து தேய்ப்பார்கள். சாயம் போடும் வீடுகளில் அதுதான் வைத்தியம்.

நோன்பு மாதம். எங்களோடு சேர்ந்து நோன்பு திறக்கத் தம்பியும் ஒரு சின்னப் பீங்கானோடு உட்காருவான்.

"எத்தின நோன்பு புடிச்ச மனே?" என்றார் மாமி.

"இண்டைக்கி மட்டும் மூணு."

"மூணா? அப்ப உங்க வாப்பாவ விடப் பெரிய ஆள்தான்."

அவன் பீங்கானில் ஒரு பேரீச்சம்பழம். பக்கத்தில் வெள்ளையாக ஒரு துண்டு. உம்மா கொடுத்த கற்கண்டு என்று நான் நினைத்தேன். மாமி கொடுத்தது என்று உம்மா நினைத்தாராம். சாயக் கொட்டிலில் சிந்திக் கிடந்ததை அவனே சிரட்டையால் அள்ளி வந்திருக்கிறான். சொல்லிக் கொடுத்தபடி, பள்ளிவாசல் பாங்கு கேட்கும்வரை தொடவில்லை. கேட்டது. பிஸ்மி சொல்லி வாயில் போட்டான்.

அலறினான். எச்சில் வழிந்தது. உதடு வெளுத்தது.

"அல்லாஹ்வே, சோடாவத் தின்னுட்டான்!" என்றார் உம்மா.

சர்பத்துக்கு வெட்டி வைத்த தேசிக்காய் பாயில் இருந்தது. மாமி அதை எடுத்து அவன் வாயில் பிழிந்தார். "இதான் முறிவு. குடி மனே, குடி." பிறகு தொண்டைக்குள் விரலை விட்டார். வாந்தி எடுத்தான். இரத்தமும் வந்தது.

வாப்பா தெருவுக்கு ஓடினார். அந்த நேரத்தில் தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லா வீட்டிலும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். வாப்பா இந்தப் பக்கம் ஓடினார், அந்தப் பக்கம் ஓடினார். கடைசியில் ஒரு ஆட்டோ வந்தது. உம்மாவும் மாமியும் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நானும் ஏறிவிட்டேன். என்னை இறங்கச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டார்: "வாந்தியெடுக்க வெச்ச ஆரு? உள்ள போகக்குள்ள ஒருக்காச் சுட்ட. வெளிய வரக்குள்ள இன்னொருக்காச் சுட்டிரிக்கி. தேசிக்காய் வேற! வாயக் கழுவிட்டு உடனே கொண்டந்திரிக்கணும்."

"நான்தான் மிஸ்," என்றார் வாப்பா. அவர் கன்னத்துக்குள் பேரீச்சங்கொட்டை இன்னும் கிடந்தது.

நோன்பு மாதத்தில் வாப்பா பொய் சொல்கிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தம்பி பிழைத்தான். ஆனால் தொண்டை சுருங்கிவிட்டது. அதை விரித்துவிட அடிக்கடி மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவரும் கூப்பிடாமலே மாமி ஒவ்வொரு முறையும் கூடப் போனார். பஸ்ஸில் ஊர் பார்க்கத்தான் போகிறார் என்று நான் கோபித்துக்கொண்டு திரிந்தேன்.

தம்பி இப்போது சோறு தின்கிறான். மெதுவாகத் தின்கிறான்.

போன நோன்பில் மாமியிடம் சும்மா கேட்டேன், மட்டக்களப்புக்கு எத்தனை தடவை போயிருப்பீர்கள் என்று. நூல் சுற்றுகிற கையை நிறுத்தாமல் சொன்னார்.

"முப்பத்தியொண்டு."