அடங்காத தலைக்குப் பூ வைத்த நாள்

“…அதுக்கில்ல அத்தை, இம்புட்டு முடியில இதைக் கொண்டு போயி எங்கிட்டுக் கட்டுறது?” என்று என் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டார் மாப்பிள்ளையின் அக்கா. அவர் கையில் பூ ஜடை. மல்லியை நெருக்கித் தைத்து, இடையிடையே ரோஜா வைத்து, பின்னலின் மேல் அப்படியே பதித்துக் கட்டுவதற்காகப் பூ மார்க்கெட்டில் சொல்லிச் செய்து வாங்கி வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அது ஒல்லி. என் பின்னல் அதைப்போல் இரண்டு மடங்கு.

திருநகரில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. வெளியே விட்டும் விடாமலும் தூறல். மழை வந்தால் என் தலைக்குத் திருவிழா. காலையில் வாரிய தலை பத்து மணிக்கெல்லாம் எழுந்து நின்று ஊரை வேடிக்கை பார்க்கும். அன்றும் பார்த்துக்கொண்டிருந்தது. கேள்வி அம்மாவுக்குத்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அது பூ வைக்கிற நாள். எங்கள் பக்கம் ஒரு சம்பந்தத்தை உறுதியாக்குவது அந்தப் பூதான். எத்தனை தட்டு வந்து இறங்கினாலும், மாப்பிள்ளையுடன் பிறந்தவள் வந்து பெண்ணின் தலையில் பூவை வைத்தால்தான் “பொண்ணுக்குப் பூ வச்சாச்சு” என்று நாலு பேர் சொல்வார்கள். கொண்டுவந்த பூவை வைக்காமல் கையோடு எடுத்துப் போனால், பெண் வேண்டாம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “பூ ஏன் வைக்காமப் போனாக?” என்பதுதான்.

இந்தத் தலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பசுமலையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் ரெட்டை ஜடை மடித்துக் கட்ட வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு ரிப்பன் பூவாக விரிந்து நிற்கும். எனக்கு முடிச்சுப் போடவே நுனி எட்டாது. டீச்சர் என்னைக் குழாயடிக்கு அனுப்பித் தண்ணீர் தொட்டு அமுக்கிவிட்டு வரச் சொல்வார். வருவேன். அடுத்த பீரியடுக்குள் காய்ந்து முன்னைவிடப் பெரிதாகிவிடும். பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குப் போர்டு மறைக்கிறது என்று புகார் போய், வகுப்பிலேயே குட்டையான நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன்.

பட்டப்பெயருக்குப் பஞ்சமே இல்லை. தேங்காய் நார், காக்காக் கூடு, கருவேலங்காடு. நான் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் ஏறுகிற பஸ்ஸின் கண்டக்டர் ஒருநாள், தலைக்குத் தனி டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. “தலைக்கு எடுத்துட்டேன் அண்ணே. உடம்புக்குத்தான் இன்னும் எடுக்கல” என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு ஜன்னலோர சீட் பிடித்து வைக்கிற அளவுக்குச் சிநேகமாகிவிட்டார்.

வைத்தியமும் ஆளுக்கொன்று சொன்னார்கள். வெந்தயம், செம்பருத்தி இலை, கற்றாழை, புளித்த தயிர், சோறு வடித்த கஞ்சி. என் தலையில் ஊற்றியதை எல்லாம் வயிற்றில் ஊற்றியிருந்தால் இன்னும் ஒரு சாண் வளர்ந்திருப்பேன். கடையில் ரிப்பன் வாங்க வருகிற ஒரு அக்கா சொன்ன சொல்தான் எனக்கு மருந்தாக இருந்தது: “முடி இல்லாதவளுக்கு அவ கவலை. முடி உள்ளவளுக்கு ஊரே கவலைப்படும்.”

ஒருவரும் சொல்லித் தராமல் நானே பழகிக்கொண்டது கொஞ்சம் உண்டு. காய்ந்த தலையில் சீப்பை வைக்கவே கூடாது. குளித்த ஈரத்தோடு, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மேலேயிருந்து இழுத்தால் சிக்கு கீழே போய்ச் சபை கூட்டும். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு எண்ணெய், தளரப் பின்னல், அவ்வளவுதான். பிறகு அது என்ன செய்கிறதோ அது அதன் இஷ்டம். நான் விற்கிற கிளிப்பில் பாதி என் தலையில் வாயைப் பிளந்துவிடும். ஓனர் அக்கா, “நீ போட்டுப் பாத்து உடையாத கிளிப்புன்னா தைரியமா கேரண்டி குடுக்கலாம்டி” என்பார். நான் போட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

கல்யாணப் பேச்சில் மட்டும் இந்தச் சிரிப்பெல்லாம் எடுபடவில்லை. எனக்கு முப்பது தாண்டியிருந்தது. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், என் தலையைப் பார்த்தார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அப்பா இல்லாத வீடு. ஒவ்வொரு முறையும் டம்ளர்களைக் கழுவி வைக்கும்போது அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கும். “கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்னு சொல்லுவாகம்மா” என்பேன். “சோறு போடுறது இருக்கட்டும். முதல்ல மாப்பிள்ளை வரட்டும்” என்பாள்.

இந்த மாப்பிள்ளை வந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே சம்சாரி வீடு, விவசாயக் குடும்பம். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். என்னைப் பிடித்துப்போயிற்று என்று அவர் வாயாலேயே சொன்னார். அவருக்கு அம்மா இல்லை. அக்கா சொல்வதுதான் வீட்டில் சட்டம். அந்த அக்காவின் முடி இடுப்பு வரைக்கும் கோடு போட்ட மாதிரி நேராகத் தொங்கும். அவர் போனில் அம்மாவிடம் சொன்னது இதுதான்: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. தலைய மட்டும் பார்லர்ல குடுத்து நேராக்கிருங்க. பூ வைக்கிற அன்னைக்கு ஊரே பாக்கும்ல.”

நான் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அக்கா ஆசைப்படுகிறார், ஒரு தடவைதானே என்று அவர் இழுத்தார். பாவம், அவருக்கு முன் நெற்றி பாதி உச்சி வரைக்கும் போய்விட்டது. அனுப்பிய போட்டோவில் எல்லாம் தொப்பி. “உங்க தலையில இல்லாததை நான் கேட்டேனா? என் தலையில இருக்கிறதை நீங்க ஏன் கேக்குறீக?” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் அக்காவிடம் அதைப் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அம்மா விடவில்லை. ஒரு நாள் கூத்துத்தானே, செய்துவிட்டுப் போயேன் என்றாள். ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தவன் கதையை அவளுக்கே திருப்பிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருந்தது எனக்கு என்னவோ செய்தது. அதனால்தான் பூ வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அவளோடு பார்லருக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பார்லர்க்காரப் பெண் என் பின்னலை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் வயலை அளக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தார்கள். ஒரு பகல் முழுவதும் ஆகும் என்றாள். மருந்து வாடை கண்ணில் ஏறியது. அதையும் பொறுத்துக்கொண்டேன். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டே அவள் சொன்னாள், முடித்த பிறகு மூன்று நாளைக்குத் தலையில் தண்ணீர் படக் கூடாது, பின்னக் கூடாது, கிளிப் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது.

நாளை மறுநாள் பூ வைக்க வருகிறார்கள் என்றேன்.

“அப்பப் பூ வைக்கிறதைத் தள்ளிப் போடுங்கக்கா” என்றாள், பஸ்ஸைத் தள்ளி நிறுத்தச் சொல்கிற மாதிரி.

பூ வைப்பதற்காக முடியை நேராக்க வேண்டுமாம். நேராக்கினால் பூ வைக்கக் கூடாதாம். நான் துண்டை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அம்மா தெருவில் நின்றே அழுதாள். “இவுகளும் போயிட்டா இனி நான் யாரு வாசல்ல போயி நிக்கிறது?”

“இன்னைக்கு நேராக்கினாலும் ஆறு மாசத்துல அடியில சுருட்டை முளைக்கும்மா. பொய்த் தலையக் காட்டிக் கட்டிக் குடுத்தீகன்னு அப்பக் கொண்டாந்து விட்டா எந்த வாசல்ல நிப்ப?” என்றேன். என்னிடம் அதற்கு மேல் ஆறுதல் இல்லை. வீட்டுக்கு நடந்தோம்.

அன்று சாயங்காலம் மதினி போன் செய்தார். கல்யாணம் ஆகாவிட்டாலும் மாப்பிள்ளையின் அக்காவை நான் மதினி என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “பார்லருக்குப் போயிட்டு வந்துட்டோம் ஆத்தா” என்றாள் அம்மா. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. போனோம், வந்தோம். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. நேரான தலை என்று நம்பி, தன் பின்னலையே அளவாக வைத்து மதினி பூ ஜடைக்குச் சொல்லிவிட்டார். அதுதான் இப்போது அவர் கையில் ஒல்லியாக நின்றது.

ஹாலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். தொப்பியில்லாமல் வந்திருந்த மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். மதினியின் இன்னொரு கையில் கொண்டை ஊசிப் பாக்கெட். பூ ஜடையை என் பின்னலின் மேல் வைத்துப் பார்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் எடுக்கிற ஒவ்வொரு முறையும் அம்மாவின் மூச்சு எனக்குக் கேட்டது.

எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அன்று வேனில் இருந்து இறங்கி வாசலில் நின்று மழைத் தண்ணீரைத் துடைத்தபோதே மதினியின் வகிட்டைப் பார்த்துவிட்டேன். நான் தலையைப் பார்த்துத்தான் ஆளைப் பார்க்கிறவள், என் பிழைப்பு அப்படி. நேரான முடிக்கு அடியில், வகிடு ஓரமாகப் புதிதாக முளைத்த முடி, ஈரம் பட்டதும் சின்னச் சின்ன வளையமாகச் சுருண்டு நின்றது. என் சாதி முடி. எந்த வீட்டில், யார் சொல்லி, எத்தனை வருஷமாக அதை இழுத்து நேராக்கிக்கொண்டிருக்கிறாரோ. சபையில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், கேள்வி அவர் பக்கம் திரும்பியிருக்கும். சொல்ல மனசு வரவில்லை. அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு உட்காரவும் மனசு வரவில்லை.

நான் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கிற அளவில் சொல்ல நினைத்தேன். என் குரல் அப்படியெல்லாம் அடங்குகிற குரல் இல்லை. எல்லோருக்கும் கேட்டது.

“மதினி, உங்களுக்குத் தெரியாததா? இந்த முடிக்கு ஊசியும் வேணாம், நூலும் வேணாம். சரத்தைப் பிரிச்சுச் சும்மா சொருகி விடுங்க. நின்னுச்சுன்னா இருக்கட்டும். விழுந்துச்சுன்னா எடுத்துட்டுப் போயிருங்க.”

அம்மா, “அடியே” என்றாள்.

மதினி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். அவர் கை தானாகப் போய்த் தன் வகிட்டைத் தடவி இறங்கியது. பிறகு பாக்கெட்டில் இருந்து ஒரே ஒரு ஊசியை எடுத்து, அதன் முனையால் பூ ஜடையின் தையலைப் பிரித்து, மல்லிச் சரத்தை மட்டும் உருவினார். என் பின்னலின் தலைப்பில் விரலை விட்டு முடியை விலக்கி, சரத்தின் நடுவை உள்ளே சொருகினார். கையை எடுத்தார். எடுத்த கையைப் பூவுக்குக் கீழே ஏந்திக்கொண்டு, விழுந்தால் பிடிப்பதற்காக நின்றார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பூ விழவில்லை. ஏந்திய கையை மடக்கி, அந்த ஒற்றை ஊசியையும் பாக்கெட்டுக்குள் போட்டு, பாக்கெட்டைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.