சாட்சிக்குக் கூட்டிப்போன மகள்

தெல்தோட்டையில் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று அம்பிட்டியவில் என் ஹார்ட்வெயார் கடையைத் தெரியாதவர் இல்லை. எழுதி வைக்காமல் கண்ணை மூடினால், கொழும்பில் இருக்கும் மகன்மார் அதைப் பங்குபோட்டு விற்றுவிடுவார்கள். என்னோடு நின்று கடையை நடத்துகிறவள் மகள். அவளுக்கே மரண சாசனம் எழுத, கண்டியில் மாடியில் இருந்து பத்திரம் எழுதிக்கொடுக்கும் நொத்தாரிசிடம் போனேன். வீட்டு நல்ல காரியங்களில் முதல் கையெழுத்து அவளுடையதுதான் என்பதால், சாட்சிக்கும் அவளையே கூட்டிப்போனேன்.

அவள் பேனையை எடுத்ததும் நொத்தாரிசு தடுத்தார்.

"ஐயா, சாட்சிக் கையெழுத்து வைக்கிறவங்களுக்கு எழுதுற சொத்து செல்லாது. இவங்க கையெழுத்து வச்சா கடை இவங்களுக்குக் கிடைக்காது."

மகள் பேனையை மேசையில் வைத்தாள். "அப்பா, கடையக் குடுக்கிறீங்களா, புடுங்குறீங்களா?"

கீழே இறங்கி, அங்கே துணிக்கடை வைத்திருக்கும் நானாவையும் அவர் தம்பியையும் அழைத்து வந்தேன்.

"ரெண்டு பேர் போதுமா முதலாளி, தெருவையே கூப்பிடவா?" என்றார் நானா.

கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். கண்டியில் என் பெயர் அப்படி. அவர்கள் இருவரும் கையெழுத்து வைத்தார்கள்; கடை இனி மகளுக்குத்தான்.