கேரவனும் கெய்லீனும்

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் எங்கள் பப்பின் பின்னறையில் ஞாயிறு மதியம்தோறும் ஸ்டாண்ட்-அப் காமெடி நடத்துகிறேன். மைக்கைப் பிடித்தவனெல்லாம் தன்னை மேதை என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். டெஸ் பொமராய் மட்டும் விதிவிலக்கு.

கூரைக்கு ஓடு போடுவது அவன் பிழைப்பு. நாற்பத்தொரு வயதில், உடன் வேலை செய்தவர்கள் பந்தயம் கட்டி அவனை மேடையேற்றினார்கள். இருபது வருஷம் அவன் இறங்கவே இல்லை. டிவி பக்கம் போனதில்லை. ஒருமுறை மெல்பர்ன் காமெடி விழாவுக்குப் போய் நாள் முழுக்கத் தெருவில் நோட்டீஸ் கொடுத்தான். வந்தது ஒன்பது பேர். அதில் ஒருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர். அவரையும் சேர்த்துத்தான் ஒன்பது என்று பெருமையாகச் சொல்வான்.

அவனுடைய சரக்கெல்லாம் மனைவி கெய்லீன்தான். அதிலும் அந்தக் கேரவன் கதை. அவள் பின்னால் நின்று கைகாட்ட, இவன் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே, காரில் பூட்டி இழுக்கும் அந்தச் சக்கர வீட்டை ரிவர்ஸ் எடுத்து, கடற்கரை முகாமின் குளியலறைச் சுவரை இடித்துவிட்டான். உள்ளே சோப்பு நுரையோடு ஒரு போலீஸ்காரர். கதை முடியும் இடத்தில் கடைசி மேசையிலிருந்து கெய்லீன் கத்துவாள்: "கண்ணாடியப் பாத்திருக்கணும்டா, டெஸ்!" அதற்காகவே கூட்டம் வரும்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. முடியெல்லாம் கொட்டியது. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு அதே மேசைக்கு வந்தாள். டெஸ் கேரவனை விட்டுவிட்டு, சூப்பர்மார்க்கெட்டில் நாமே பில் போடும் மெஷினைப் பற்றி ஏதேதோ பேசினான். மூன்று வாரம் இப்படியே போனது. நான்காம் வாரம், "என் கெய்லீன் மாதிரி ஒரு தங்கமான மனுஷி உலகத்துலயே கிடையாது" என்றான்.

எல்லோரும் கெய்லீனைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் வேண்டியவர்களைக் கிண்டல்தான் செய்வோம்; இப்படிப் புகழ்ந்து பேசினால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். இந்த மடையனுக்கு அதுகூட மறந்துவிட்டது.

கெய்லீன் எழுந்தாள். "டேய்! நான் இன்னும் சாகலடா. அதுக்குள்ள இரங்கல் கூட்டமா? கேரவன் எங்க?"

"உனக்கு வலிக்குமேன்னுதான், கெய்ல்..."

"இருபது வருஷமா வலிக்கல. இந்த நாலு வாரமாத்தான் வலிக்குது."

அவன் மைக்கைப் பிடித்தபடியே அழுதான். பிறகு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, "சரி. இவ தலையில முடி போச்சு, வாய் மட்டும் அப்படியே இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், அதுக்கு மருந்தே கிடையாதாம்" என்றான். முதலில் சிரித்தது அவள்தான். தொப்பியைக் கழற்றி அவன் மேல் வீசினாள்.

அடுத்த இரண்டு கோடையும் தவறாமல் வந்தாள். மூன்றாவது கோடையில் அவளை அடக்கம் செய்தோம்.

தேவாலயத்தில் டெஸ் எழுந்து நின்றான். அவளைப் புகழ்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேரவன், குளியலறை, போலீஸ்காரர். கதை முடியும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் கடைசி வரிசையைப் பார்த்தான்.

பாதிரியார் உட்பட இருநூறு பேரும் சேர்ந்து கத்தினோம்: "கண்ணாடியப் பாத்திருக்கணும்டா, டெஸ்!"