பெலிக்ஸ் என்ற பெயர் யாருக்கு

1998. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினேன். பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்; டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பிரேசர் டவுனில் இருக்கும் என் தங்கை ஸ்டெல்லாவின் ஆண் குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். ஞானத்தாய் குழந்தையை ஏந்திக்கொண்டு சபை முன்னால் பெயரைச் சொல்ல வேண்டும். நான்தான் ஞானத்தாய். நாலு பேர் முன்னால் எனக்குக் குரலே எழும்பாது.

அத்திபெலேயில் பஸ் நின்றபோது பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்துகொண்ட பக்கத்து இருக்கை அம்மாள், "இன்னா பேரு வெக்கறீங்க?" என்று கேட்டார்.

"பெலிக்ஸ்."

"வெள்ளக்காரன் பேரா? அப்டீன்னா இன்னா?"

எனக்குத் தெரியவில்லை.

கலாசிபாளையத்தில் ஆட்டோ பிடித்தேன். "மீட்டருக்கு மேல அஞ்சு ரூபா குடுத்துடுக்கா, வாபஸ் காலியா வரணும்" என்றார் டிரைவர். கொடுத்தேன்.

போனதும் ஸ்டெல்லா என்னை மொட்டைமாடிக்கு இழுத்துச் சென்றாள். அவளுடைய முதல் பிள்ளையின் பெயரும் பெலிக்ஸ். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான்.

"அது அவன் பேருக்கா. அவனுக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கி இவனுக்குப் போடணுமாம். நீ வேற பேரு சொல்லிடு."

கீழே அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்டுக்காரரு பேரும்மா. அவரும் இல்ல, பேரனும் தங்கல. வீட்ல அந்தப் பேரக் கூப்ட்டு ரெண்டு வருசமாச்சு. சத்தமா சொல்லு, என்ன?"

மாலையில் வந்த போதகரிடம் தயங்கித் தயங்கிப் பொருள் கேட்டேன். லத்தீன் பெயர் என்றார். முதலில் நன்றாகக் காய்க்கிற மரத்தைக் குறித்த சொல்லாம். பிறகு பாக்கியவான், மகிழ்ச்சியானவன் என்று ஆயிற்றாம்.

ஞாயிறு காலை குழந்தை என் கையில் கனத்தது. "இந்தப் பிள்ளைக்குப் பெயரிடுங்கள்" என்றார் போதகர். மாமியார் முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்.

"ஆனந்த்" என்றேன்.

வீடு திரும்பியதும் மாமியார் கோபப்படவில்லை. "அர்த்தம் ஒண்ணுதான்னு சாமர்த்தியமா சொல்லிட்டே. நான் அர்த்தத்தையா கூப்புடப் போறேன்?" என்றார்.

மூன்று மணிக்குப் பையை எடுத்தேன். உள்ளறையில் மாமியார் தொட்டில்மேல் குனிந்து, "பெலிக்ஸ்... டேய் பெலிக்ஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் கை நின்றது. எழுந்து போனாள். கத்தப் போகிறாள் என்று பயந்தேன். சத்தம் வராமல் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மறுபடி துணியை எடுத்தாள்.

கிருஷ்ணகிரியில் என் வீட்டில் கூப்பிட யாரும் இல்லை. ஸ்டெல்லாவின் போய்விட்ட பெரியவன் என் மடியிலும் கிடந்தவன்தான். பஸ் அத்திபெலேயைத் தாண்டியதும், ஜன்னல் பக்கம் திரும்பி, நானும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன்.