தம்பி கடை பேட்டரி

வீட்டில் அக்காவுக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. பால் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்க்காமல் வெட்ட மாட்டாள். மொழி தெரியாத நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே, வீட்டிலிருந்தே வீடியோவில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. படுக்கையறை மூலையில் ஒரு மேசை, ஒரு லேப்டாப். அதுதான் அலுவலகம்.

ஒருநாள் ஒரு பெண்ணுக்கு மருத்துவர் பரிசோதனை முடிவைச் சொல்லத் தொடங்கும்போது கரண்ட் போனது. பழைய பேட்டரி உடனே கையை விரித்துவிட்டது. திரை இருளும்வரை அந்தப் பெண் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி இணைப்பு கிடைப்பதற்குள் வேறொரு மொழிபெயர்ப்பாளர் பேசி முடித்திருந்தார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அக்காவுக்குத் தெரியாமலே போயிற்று. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி அப்போதுதான் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை போட்டிருந்தான். ஒரிஜினல், புத்தம் புதுசு என்று சொல்லி, அவனே வந்து வேறு பேட்டரி மாட்டிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் அக்கா லேப்டாப்பில் பேட்டரி அறிக்கையை எடுத்தாள். புதியதென்றால் சார்ஜ் ஏறி இறங்கிய கணக்கு விரல்விட்டு எண்ணும்படி இருக்க வேண்டும். இதில் நானூற்றுச் சொச்சம். முழுதாக ஏற்றினாலும் புதியது பிடிக்கும் சார்ஜில் பாதிக்குச் சற்று மேல்தான் நின்றது. அணைத்துவிட்டு அடிமூடியைக் கழற்றினாள். புதுத் தேதி போட்ட ஸ்டிக்கரின் ஓரம் தூக்கியிருந்தது. நகத்தால் உரித்தாள். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், பல வருடப் பழைய தேதியோடு.

கோபம் வரவில்லை. தெரிந்தே கொடுத்திருப்பானா? பேசாமல் வேறு கடையில் வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். மனம் ஒப்பவில்லை. பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மதியம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனாள்.

“என்கிட்டயேவா உன் சந்தேகம்?” என்றான் தம்பி. அவள் பேட்டரியை அவன் முன்னால் திருப்பி வைத்தாள். இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தவனுக்கு முகம் செத்துவிட்டது.

“எனக்குத் தெரியாதுக்கா.”

“தெரிஞ்சிருந்தா எனக்கே கொண்டுவந்து மாட்டுவியா? வா, மத்ததையும் பாப்போம்.”

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து இருவரும் பெட்டிகளைப் பிரித்தார்கள். முக்கால்வாசி தேறவில்லை. சிலவற்றில் இணைப்பு முனையில் ஏற்கெனவே மாட்டிக் கழற்றிய கீறல். ஒன்றில் கம்பெனி பெயரிலேயே ஓர் எழுத்தைக் காணோம். அதற்கு மட்டும் இருவரும் சிரித்துவிட்டார்கள். தோளில் கைபோட்டு ‘மாப்ளே’ என்று கூப்பிட்ட மொத்த வியாபாரியை நம்பி, அட்டைப்பெட்டியின் பளபளப்பைப் பார்த்து வாங்கியதாக அவன் சொன்னான்.

பிறகு வாங்கிப்போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். முதல் ஆளே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அடுத்தவரிடம் தம்பி பாதியிலேயே தடுமாறினான். அக்கா போனை வாங்கினாள்.

“நாங்க கொடுத்தது பழசுங்க. தப்பு எங்க பக்கம்தான். கொண்டு வாங்க, மாத்திக் கொடுக்கிறோம்.”

அந்த ‘நாங்க’வைக் கேட்டுத் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

கடை நிமிர வெகுகாலம் பிடித்தது. இப்போது யார் பேட்டரி வாங்கினாலும், மாட்டி, அறிக்கையை எடுத்துக் காட்டிய பிறகுதான் காசு வாங்குகிறான். அவசரக்காரர்கள் “சரிப்பா, விடு” என்கிறார்கள். அவன் விடுவதில்லை.