மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அத்தை பாதி ஆளாகத்தான் செஞ்சிக்கு வந்து சேர்ந்தாள். சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். சிக்குன்குனியா வந்து போய் ஆறு மாதமாகியும் உடம்பில் தெம்பு மட்டும் திரும்பவில்லை. தலை வாரினால்கூட மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நன்றாகவே இருந்தது, அத்தையைத் தவிர. நைனா போய்த் தன் தங்கையை அழைத்து வந்துவிட்டார். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது அத்தை போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

திண்டிவனத்து இயற்கை வைத்தியர் ஒருவர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். காலை இளவெயிலில் பத்து நிமிடம். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைச் சாறு. டீ கூடாது. இரவு எட்டு மணிக்குப் படுக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: எந்த வேலையும் இருபது நிமிடம்தான், தெம்பு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்காக அத்தை ஒரு பச்சை டைம்பீஸ் வைத்திருந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அதைத் திருப்பிப் பிடித்து, முதுகுப் பக்கம் இருக்கும் அலாரத் திருகை இருபது நிமிடத்துக்குத் திருகி வைப்பாள்.

மணி அடித்தால் அத்தை நின்றுவிடுவாள். வெண்டைக்காய் பாதியில் கிடக்கும், பேச்சு பாதியில் அறுந்துபோகும். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாயில் படுத்து, கண்மேல் ஈர வெள்ளைத்துணியைப் போட்டுக்கொள்வாள். ஒரு நாள் எனக்குத் தலையில் ஒரு பக்கம் மட்டும் பின்னிய நிலையில் மணி அடித்துவிட்டது. மூன்றாம் வகுப்பு முழுக்க என்னைப் பார்த்து, ஒரு பக்கம் மனுஷி, ஒரு பக்கம் பேய் என்று சிரித்தது.

லீவு நாட்களில் நடுப்பகல்தான் எனக்குப் பயம். பின்கதவைத் திறந்தால் கோட்டை மலை வெயிலில் அசையாமல் நிற்கும். வீட்டுக்குள் டைம்பீஸ் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். அத்தையின் மார்பு ஏறி இறங்குவதே தெரியாது. ஒருமுறை மூக்கருகே என் உள்ளங்கையை நீட்டினேன். துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"இருக்கேன் பாப்பா. போய் வெளையாடு."

அம்மாவுக்கு வைத்தியரைவிட வேறு கணக்கில் நம்பிக்கை அதிகம். "சின்னதுல உச்சி வேளையில மலைமேலயே சுத்துனவதான உங்க தங்கச்சி. எது கூட வந்துச்சோ," என்று நைனாவிடம் சொல்வாள். நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: மலையில் இருப்பது எதுவோ, அது மணி அடித்துத்தான் அத்தையைக் கூப்பிடுகிறது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைனாவும் அம்மாவும் வல்லத்துக்கு ஒரு கருமாதிக்குப் போயிருந்தார்கள். நான் டைம்பீஸின் முதுகில், அலாரத் திருகுக்குப் பக்கத்திலேயே இருந்த பொத்தானை அழுத்திவிட்டேன். இனி மணி அடிக்காது. அத்தையைக் காப்பாற்றிவிட்டதாக அவ்வளவு பெருமை எனக்கு.

அத்தை வந்து டைம்பீஸைத் திருப்பினாள். திருகில் வைத்த விரல் சற்று நின்றது. என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த பல்லியைப் பார்த்தேன். பிறகு வழக்கம்போல் திருகி வைத்துவிட்டு எனக்குத் தலை பின்னினாள், இரண்டு பக்கமும். சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள். மணி அடிக்கவே இல்லை.

"ராணிக் கோட்டைக்குப் போலாமா?" என்றாள், பின்கதவு வழியே தெரிந்த மலையைக் காட்டி.

படிகளில் எனக்கு முன்னால் ஏறினாள். ஒரு இடத்திலும் உட்காரவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் கூப்பிட்டபோது நிற்கவில்லை. அப்போதுதான் முதல்முறையாக, மேலே போவது அத்தைதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

உச்சியில் பழைய நெற்களஞ்சியம் இருட்டாகத் திறந்து கிடந்தது. வௌவால் நாற்றம். அத்தை வாசலில் நேராக நின்று, உள்ளே பார்த்து உரக்கச் சொன்னாள்.

"ஓர் பதினேழு பதினேழு!"

உள்ளேயிருந்து திரும்பி வந்தது. ஒரு குரலாக அல்ல, பல குரலாக. இருட்டுக்குள் ஒரு வகுப்பே உட்கார்ந்து ஒப்பிப்பதுபோல் இருந்தது. அத்தை பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடைசிவரை சொல்லிக் கொடுத்தாள். நான் அவள் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னம் முழுக்கக் கண்ணீர்.

இறங்கும்போது பாதி வழியில் அத்தையின் கால்கள் மடங்கிவிட்டன. மீதிப் படிகளை உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினாள். மறுநாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. வெளிச்சம் பட்டால் முனகினாள், ஜன்னலுக்குச் சாக்கு கட்டினோம். பேச்சு மூச்சுக்காற்றாகிவிட்டது. பொங்கல் வந்தது, போனது. நைனா பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

பிறகு டைம்பீஸைத் தூக்கி வந்தார். "அன்னிக்கு இது ஏன் அடிக்கல? பொத்தான யாரு அழுத்துனது?"

நான் மறுபடியும் சுவரில் பல்லியைத் தேடினேன். இருட்டறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"நான்தாண்ணே அழுத்துனேன். அந்த சத்தமே எரிச்சலா இருந்துச்சி."

நைனா தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனார். நான் பாயருகே போய் நின்றேன். கண்மேல் இருந்த துணியை எடுக்காமலே அத்தை கேட்டாள்.

"எட்டு பதினேழு எவ்ளோ பாப்பா?"

"நூத்தி முப்பத்தாறு."

துணிக்கு அடியில் உதடு மட்டும் சிரித்தது. பாவம், பொத்தானை அழுத்தியது யார் என்பதுகூட அத்தைக்கு மறந்துவிட்டது, நோய் அவள் ஞாபகத்தையும் தின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக விளையாடப் போனேன்.